அவதூறு கேஸ் வந்திருக்கிறது: 356 போடுவதா, மானநஷ்டம் கேட்பதா?

தாலுகா வக்கீல் (இழையைத் தொடங்கியவர்) | ஞாயிறு, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். நான் பார்ப்பது பாகப்பிரிவினை, விபத்து இழப்பீடு, செக் கேஸ். அவதூறு என்று ஒரு கட்டுகூட என் அலமாரியில் கிடையாது. இப்போது ஒன்று வந்திருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லிக்கொடுங்கள்.

கட்சிக்காரர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. 48 வீடு உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர். கட்டடத்துக்குப் பெயின்ட் அடித்த கணக்கில் தகராறு. உறுப்பினர் ஒருவர் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் இப்படி எழுதியிருக்கிறார், அப்படியே தருகிறேன்:

"சங்கப் பணம் எங்கே போச்சுன்னு யாரும் கேக்காதீங்க. நம்ம செயலாளர் ரொம்ப நல்லவர். பெயின்ட் காசுல அவர் ஊர்ல மாடி எழும்பவே இல்ல."

கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். கட்சிக்காரர் கேட்பது மூன்று: எழுதியவரை உள்ளே தள்ள வேண்டும், 50 லட்சம் மானநஷ்டம் வேண்டும், இனி எழுதாமல் ஸ்டே வேண்டும். கமிட்டி உறுப்பினர்களும் சேர்ந்து கேஸ் போடத் தயாராம். செய்தி வந்து பதினோரு மாதம் தாண்டிவிட்டது. கிரிமினலுக்கு மூன்று வருடம் உண்டு, அதனால் அவசரமில்லை என்று நினைக்கிறேன். சரிதானே?

கிரிமினல் சைடு | ஞாயிறு, இரவு 9.40

மூன்று வருடம் சரிதான் அண்ணே. இரண்டு வருடம் வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்பதால் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்ற நடைமுறைச் சட்டம்) 514-இல் அந்தக் கணக்கு வரும். புதிய சட்டத்தில் சமூக சேவையையும் தண்டனையாகச் சேர்த்திருக்கிறார்கள். செய்தி 2024 ஜூலை 1-க்குப் பிறகு வந்தது என்றால் புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 356. அதற்கு முந்தையது என்றால்தான் பழைய ஐ.பி.சி. 499, 500.

ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள். போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போடக்கூடிய குற்றம் இது இல்லை, ஜாமீன் உண்டு, சமாதானமும் ஆகலாம். நேராக மாஜிஸ்திரேட்டிடம் தனிநபர் புகார். சம்மன் ஒன்று வீட்டுக்குப் போனால் போதும், எதிராளி தானாக வந்து மன்னிப்பு கேட்பான்.

காஞ்சி சிவில் | ஞாயிறு, இரவு 10.05

அவசரமில்லை என்று சொல்லாதீர்கள் சார்! மானநஷ்டம் கேட்பதாக இருந்தால் ஒரே ஒரு வருடம்தான். காலவரையறைச் சட்டம் 1963, அட்டவணையில் 75-வது ஷரத்து: எழுத்தில் வந்த அவதூறுக்கு, வெளியான நாளிலிருந்து ஒரு வருடம். வாயால் சொன்னதற்கு 76, அதுவும் ஒரு வருடமே. மூன்று வருடத்தை மனதில் வைத்துக்கொண்டு சிவிலைக் கோட்டைவிட்ட கட்டுகள் நிறைய உண்டு. இரண்டும் தனித்தனிப் பாதை, இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தலாம். ஆனால் நீதிமன்றம் கதவைச் சாத்தும் நாள் வேறு வேறு.

"செய்தி இன்னும் குழுவில் அப்படியேதானே இருக்கிறது, தினம் தினம் புது அவதூறுதானே" என்று வாதாடலாம் என நினைத்தால், டெல்லி உயர்நீதிமன்றம் 2013-இல் கவார் பட் வழக்கில் அதை ஏற்கவில்லை. முகநூல் பதிவு பற்றிய வழக்கு அது. பதிவு அங்கேயே கிடப்பதால் காலம் நீளாது, முதலில் வெளியான நாளிலிருந்தே எண்ண வேண்டும் என்றார்கள். வேறு ஒருவர் புதிதாக எடுத்துப் போட்டால் அது வேறு கதை.

அப்புறம் அந்த 50 லட்சம். தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டப்படி பண வழக்குக்குக் கேட்கும் தொகை மேல் கட்டணம். 2017-இல் ஏழரை சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தார்கள். குறைத்த பிறகும் 50 லட்சத்துக்கு ஒன்றரை லட்சம் ஆகிறது. இதை முதலில் கட்சிக்காரரிடம் சொல்லுங்கள். வங்கியில் இருந்தவர், கணக்கு சட்டென்று புரியும். தொகை அரை மணி நேரத்தில் 3 லட்சத்துக்கு இறங்கிவிடும்.

தாலுகா வக்கீல் | ஞாயிறு, இரவு 10.21

நல்லவேளை கேட்டேன் மேடம். இன்னும் மூன்றரை வாரம் இருக்கிறது.

ஜூனியர்2022 | ஞாயிறு, இரவு 10.30

ஒரு சந்தேகம் சார். அந்தச் செய்தியில் செயலாளர் நல்லவர், மாடி எழும்பவே இல்லை என்றுதானே இருக்கிறது? வார்த்தையை அப்படியே எடுத்தால் பாராட்டு மாதிரி இருக்கிறதே. இதில் அவதூறு எங்கே?

கிரிமினல் சைடு | ஞாயிறு, இரவு 10.38

தம்பி, பிரிவை எடுத்து விளக்கம் 3-ஐப் படியுங்கள். கிண்டலாகச் சொன்னாலும் அவதூறு அவதூறுதான். மெக்காலே காலத்து உதாரணமே அச்சு அசலாக இதுதான்: "இசட் நேர்மையான மனிதர், அவர் பி-யின் கடிகாரத்தைத் திருடவே இல்லை." கேட்டவன் திருடினார் என்று நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு சொன்னால் அவதூறு. கடிகாரம் இருந்த இடத்தில் மாடி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மாடிப்படி ஆபீஸ் | ஞாயிறு, இரவு 11.02

நான் பெரும்பாலும் எதிராளி பக்கம் நிற்பவன், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். "சம்மன் போனால் மன்னிப்பு கேட்பான்" என்பது பழைய கதை.

முன்பு புகார், சத்தியப் பிரமாண வாக்குமூலம், சம்மன் என்று போகும். சம்மன் கைக்கு வரும்வரை எதிராளிக்கு ஒன்றும் தெரியாது. இப்போது பி.என்.எஸ்.எஸ். 223-இல் ஒரு வரி சேர்த்துவிட்டார்கள்: எதிரிக்குச் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் மாஜிஸ்திரேட் வழக்கைக் கோப்பில் எடுக்கக் கூடாது. கர்நாடக உயர்நீதிமன்றம் 2024 செப்டம்பரில் யத்னால் வழக்கில் வரிசையைத் தெளிவாக்கியது, அதுவும் அவதூறு வழக்குதான். முதலில் புகார்தாரர், சாட்சிகளின் வாக்குமூலம். பிறகு, அந்த வாக்குமூலங்களோடு எதிரிக்கு நோட்டீஸ். அவர் சொல்வதைக் கேட்ட பிறகுதான் மற்றது. ஆக உங்கள் சாட்சி என்ன சொன்னார் என்பதைப் படித்துவிட்டு, என்னைப் போன்ற ஒருவன் அவதூறுப் பிரிவின் எட்டாவது விதிவிலக்கு, ஒன்பதாவது விதிவிலக்கு என்று எழுதிக்கொண்டு வந்து நிற்பான். எதிராளி வேறு எல்லையில் குடியிருந்தால் 225-இன் கீழ் விசாரணையும் கட்டாயம்.

அதைத் தாண்டிச் சம்மன் வந்துவிட்டால் எங்களுக்கும் கஷ்டம்தான். அவதூறு சம்மன் கேஸ். அதில் டிஸ்சார்ஜ் பெட்டிஷன் (விசாரணைக்கு முன்பே விடுவிக்கக் கேட்கும் மனு) என்ற கட்டமே கிடையாது என்று உச்சநீதிமன்றம் ஜான் தாமஸ் வழக்கில் (2001) சொல்லிவிட்டது. சென்னை மருத்துவமனை ஒன்றைப் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்தியால் எழுந்த வழக்கு அது. அழைத்த மாஜிஸ்திரேட்டே சம்மனைத் திரும்பப் பெறவும் முடியாது, அதற்கு 2004-இல் அதாலத் பிரசாத் வழக்கு. மிச்சம் இருப்பது வழக்கை ரத்து செய்யச் சொல்லி உயர்நீதிமன்றத்தில் 528, அதாவது பழைய 482. இல்லையென்றால் முழு விசாரணை. இது தெரியாமல் டிஸ்சார்ஜ் போட்டுவிட்டு நாலு வாய்தா வீணாக்கும் ஜூனியர்களை நான் வாராவாரம் பார்க்கிறேன்.

காஞ்சி சிவில் | திங்கள், காலை 6.50

நேற்று சொல்ல விட்டது. கமிட்டி உறுப்பினர்கள் எல்லாரும் சேர்ந்து போடுவது பற்றி: வேண்டாம். புகார்தாரர் பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டும், பி.என்.எஸ்.எஸ். 222 அதைத்தான் சொல்கிறது. செய்தி செயலாளரைக் குறித்தது. பொருளாளருக்கு ரோஷம் வந்தால் அது அவர் சொந்த விஷயம்.

கூட்டத்தைச் சொன்னால் யார் பாதிக்கப்பட்டவர் என்பதற்கு நம் ஊர் வழக்கே இருக்கிறது. 1971 ஜனவரியில் சேலத்தில் மூட நம்பிக்கை ஒழிப்பு மாநாடு. அதில் நிறைவேறிய தீர்மானம் ஒன்றைப் பத்திரிகைகள் வெளியிட்ட விதம் தவறு என்று வரவேற்புக் குழுத் தலைவர் சொக்கப்பா அவதூறுப் புகார் கொடுத்தார். நரசிம்மன் எதிர் சொக்கப்பா என்று 1972-இல் உச்சநீதிமன்றம் வரை போனது. மாநாடு என்பது வந்து கலைந்து போகும் கூட்டம், இன்னார் இன்னார் என்று வரையறுக்கக்கூடிய அமைப்பு அல்ல, அதன் பெயரால் இவர் பாதிக்கப்பட்டவர் ஆக முடியாது என்று சொல்லி வழக்கை ரத்து செய்தார்கள். குஷ்பு வழக்கிலும் (2010) இதே அடிப்படைதான். திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி ஒரு பத்திரிகைப் பேட்டியில் அவர் சொன்ன கருத்துக்காகத் பெரும்பாலும் தமிழ்நாட்டில் தொடுத்த 23 புகார்களை உச்சநீதிமன்றம் ஒட்டுமொத்தமாக ரத்து செய்தது. யாரையும் குறித்துச் சொல்லாத பொதுக்கருத்தால் புகார்தாரர்களின் பெயர் எப்படிக் கெட்டது என்பதுதான் கேள்வி.

உங்கள் கேஸில் அந்தத் தொல்லை இல்லை. செயலாளர் ஒருவர்தான். அவர் ஒருவரே வாதி, அவர் ஒருவரே புகார்தாரர்.

தாலுகா வக்கீல் | திங்கள், காலை 7.15

சரி மேடம். இன்னொன்று. உண்மை என்று எதிராளி நிரூபித்தால் எல்லாம் முடிந்துவிடுமா?

மாடிப்படி ஆபீஸ் | திங்கள், காலை 7.48

இங்கேதான் இரண்டு பாதையும் பிரிகிறது, நிதானமாகப் படியுங்கள்.

சிவிலில் உண்மை என்றால் முடிந்தது. எதற்காகச் சொன்னான், வன்மமா, பொறாமையா என்பதெல்லாம் பிறகு செல்லாது. கிரிமினலில் அது போதாது. முதல் விதிவிலக்கு கேட்பது உண்மை, கூடவே பொதுநன்மை. இரண்டும் வேண்டும். ஒருவரின் இருபது வருடத்துக்கு முந்தைய குடும்ப விவகாரத்தைத் தெருவில் கொட்டினால் அது முழு உண்மையாக இருந்தாலும் கிரிமினலில் தப்பிப்பது கடினம். சங்கப் பணம் பற்றிய உண்மையில் பொதுநன்மை காட்டுவது எளிது.

ஆனால் இந்த மாதிரி கேஸில் நான் உண்மையை நிரூபிக்கவே போகமாட்டேன். எட்டு, ஒன்பது, பத்து என்ற மூன்று விதிவிலக்குகள்தான் என் ஆயுதம். அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தில் கொடுத்த புகார், எட்டு. தன் நலன், பிறர் நலன், பொதுநலன் காக்க நல்லெண்ணத்தில் சொன்னது, ஒன்பது. எச்சரிக்கையாகச் சொன்னது, பத்து. நல்லெண்ணம் என்றால் மனசு சுத்தம் என்று அர்த்தமில்லை, உரிய கவனத்தோடு செய்தது என்று சட்டமே சொல்கிறது. 1966-இல் ஹர்பஜன் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னதை மனதில் வையுங்கள்: ஒன்பதாவது விதிவிலக்கில் நிற்பவர் சொன்னது உண்மை என்று நிரூபிக்க வேண்டியதில்லை, நல்லெண்ணத்தைக் காட்டினால் போதும். அதுவும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் அல்ல, சிவில் வழக்குபோல எந்தப் பக்கம் நம்பத்தக்கது என்ற அளவில்.

இப்போது உங்கள் செய்தியைப் பார்ப்போம். இதே குற்றச்சாட்டை அந்த உறுப்பினர் மாவட்டப் பதிவாளருக்கு எழுதியிருந்தால் எட்டாவது விதிவிலக்கு, நான் ஜாலியாக வந்திருப்பேன். குழுவில் எழுதியிருக்கிறார். அதுவும் வீட்டு உரிமையாளர்கள் மட்டும் உள்ள குழு என்றால், எல்லாருடைய பணமும் அது, எல்லாருக்கும் அக்கறை உண்டு என்று ஒன்பதில் நிற்பேன். குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தீர்களா?

தாலுகா வக்கீல் | திங்கள், மதியம் 1.30

இப்போதுதான் கட்சிக்காரரை உட்காரவைத்துப் பட்டியல் எடுத்தேன். உரிமையாளர்கள் போக வாடகைக்கு இருப்பவர்கள் 14 பேர், லிஃப்ட் மெக்கானிக், தண்ணீர் லாரிக்காரர், காலி செய்துவிட்டுப் போன இரண்டு குடும்பம். எல்லாவற்றுக்கும் மேல் கட்சிக்காரருடைய சம்பந்தி வீட்டார் ஒருவர் அதே குடியிருப்பில் வீடு வாங்கியிருக்கிறார், அவரும் குழுவில். கோபத்தின் வேர் எங்கே என்று இப்போது புரிகிறது.

காஞ்சி சிவில் | திங்கள், மதியம் 1.52

அந்தப் பட்டியலைத் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி வையுங்கள். பொன்னான காகிதம். தண்ணீர் லாரிக்காரருக்குச் சங்கக் கணக்கில் என்ன அக்கறை என்று மாடிப்படி சார் பதில் சொல்லட்டும்.

சம்பந்தியைச் சாட்சியாகப் போட வேண்டாம். படித்த மூன்றாம் மனிதர் ஒருவர் வந்து "படித்தேன், அவரைப் பற்றி இப்படி நினைத்தேன்" என்று சொல்ல வேண்டும். உறவு இல்லாத ஆள் என்றால் எடை அதிகம்.

மூன்றாம் மனிதருக்குப் போய்ச் சேராமல் அவதூறே இல்லை என்பதற்குக் கல்லூரியில் படித்திருப்பீர்கள், மகேந்தர் ராம் வழக்கு, பாட்னா, 1958. வாதிக்கே உருதுவில் கடிதம் போட்டான். வாதிக்கு உருது தெரியாது, இன்னொருவரை விட்டுப் படிக்கச் சொன்னார். அவருக்கு உருது தெரியாது என்பது எழுதியவனுக்குத் தெரிந்திருந்தால்தான் அது வெளியீடு என்றார்கள். எங்கள் சீனியர் இதைச் சொல்லிவிட்டு, "அதனாலதான் நோட்டீஸை எதிராளிக்கு மட்டும் அனுப்பு, ஊருக்கெல்லாம் நகல் அனுப்பாதே" என்பார்.

ஜூனியர்2022 | திங்கள், மாலை 5.10

மேடம், அந்தக் கடைசி வரி நமக்கும் பொருந்துமா? அதாவது வக்கீல் நோட்டீஸில், பிராதில், கவுன்டரில் (எதிர்மனுவில்) நாம் எழுதுவதற்கு நம் மேலேயே கேஸ் வருமா?

கிரிமினல் சைடு | திங்கள், மாலை 6.05

வரும் தம்பி, வந்திருக்கிறது. சிவிலில் நீதிமன்ற நடவடிக்கைக்குள் சொன்னதற்கு முழுப் பாதுகாப்பு என்று பல தீர்ப்புகள். கிரிமினலில் அப்படி முழுப் பாதுகாப்பு கிடையாது என்று சென்னை உயர்நீதிமன்றம் முழு அமர்வாக உட்கார்ந்து 1926-லேயே திருவேங்கட முதலி வழக்கில் சொல்லிவிட்டது. 499-இன் விதிவிலக்குகளுக்குள் நிற்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும், இங்கிலாந்துப் பொதுச்சட்டத்தைக் கொண்டுவந்து சேர்க்க முடியாது என்பது அதன் சாரம். வக்கீல் கட்சிக்காரர் சொன்னபடி எழுதினால் நல்லெண்ணம் இருந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். ஆனால் கேஸுக்குத் தேவையே இல்லாத ஒரு பெண்ணின் நடத்தையைக் கவுன்டரில் நுழைத்தால் அந்தப் பாதுகாப்பு கரைந்துவிடும். விவாகரத்து பெட்டிஷன் எழுதுகிறவர்கள் கவனிக்க.

குமாஸ்தாவுக்கு டிக்டேட் செய்ததும் வெளியீடுதானே என்று அடுத்து கேட்பீர்கள். 1894-லேயே பாக்சியஸ் வழக்கில் இங்கிலாந்தில் முடிந்த பிரச்சினை அது. வக்கீல் தொழிலுக்காகக் குமாஸ்தாவிடம் கொடுப்பது பாதுகாப்புக்குள் வரும்.

ஜூனியர்2022 | திங்கள், மாலை 6.30

நன்றி சார். இழை திசை மாறினால் மன்னிக்கவும், எனக்கும் ஒன்று இருக்கிறது. எங்கள் ஆபீஸுக்கு ஒரு பேரூராட்சி வந்திருக்கிறது. குப்பை ஒப்பந்தத்தில் ஊழல் என்று யூடியூபில் ஒருவர் தொடர்ந்து போடுகிறார். பேரூராட்சி பெயரிலேயே மானநஷ்ட வழக்கு போடச் சொல்கிறார்கள்.

காஞ்சி சிவில் | திங்கள், இரவு 8.15

போட முடியாது. இதற்கு நாம் எல்லாரும் பெருமைப்பட வேண்டிய ஒரு தீர்ப்பு இருக்கிறது: ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு, 1994. நக்கீரன் வழக்கு, ஆட்டோ சங்கர் வழக்கு என்று ஊரில் சொல்வார்கள். ஆறு கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்று சிறையில் இருந்த சங்கர் எழுதியதாகச் சொல்லப்பட்ட வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் வெளியிடத் தயாரானது. அதில் அதிகாரிகளுக்கும் அவருக்கும் இருந்த தொடர்பெல்லாம் வரும். சிறைத்துறைத் தலைவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்: இது பொய், வெளியிட்டால் நடவடிக்கை எடுப்போம் என்று. ஆசிரியர் நேராக உச்சநீதிமன்றம் போனார்.

நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பில் நம் தொழிலுக்குத் தேவையானது இவ்வளவு. அரசு, உள்ளாட்சி, அரசு அதிகாரத்தைச் செலுத்தும் அமைப்புகள் மானநஷ்ட வழக்கு போட முடியாது. பேரூராட்சி அங்கேயே வெளியே போய்விட்டது. தனிப்பட்ட அதிகாரி போடலாம், ஆனால் அவருடைய அலுவல் சார்ந்த செயலைப் பற்றிய செய்தி என்றால், பொய் என்பது மட்டும் போதாது, உண்மையா பொய்யா என்று கவலையே படாமல் எழுதினார் என்று அவர் காட்ட வேண்டும். நியாயமான சரிபார்ப்புக்குப் பிறகு எழுதினேன் என்று காட்டினால் எழுதியவர் தப்பித்தார். வெளியாவதற்கு முன்பே தடுத்து நிறுத்த அதிகாரிகளுக்கு அதிகாரமில்லை. பொது ஆவணத்தில் உள்ளதைப் பற்றி எழுதலாம். அமெரிக்காவின் சல்லிவன் வழக்கையும் இங்கிலாந்தின் டெர்பிஷயர் வழக்கையும் எடுத்து, பேச்சுரிமை தரும் நம் அரசியலமைப்பின் 19-வது பிரிவோடு சேர்த்துப் பார்த்த தீர்ப்பு. சங்கரை 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் தூக்கிலிட்டார்கள். அவர் கதையால் கிடைத்த சட்டம் இன்றும் நடக்கிறது.

மாடிப்படி ஆபீஸ் | திங்கள், இரவு 8.40

கிரிமினலில் அரசு வழக்கறிஞர் வழியாக ஒரு தனிப்பாதை உண்டு என்று பேரூராட்சிக்காரர்கள் அடுத்த வாரம் வருவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். அமைச்சர், ஆளுநர், அரசுப் பணியாளர் ஆகியோரின் அலுவல் நடத்தை பற்றிய அவதூறு என்றால் அரசு முன் அனுமதியோடு அரசு வழக்கறிஞர் நேராக செஷன்ஸ் நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம். 222-இல் இருக்கிறது, ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். தமிழ்நாட்டில் இந்தப் பாதையில் போன கட்டுகள் எத்தனை என்று பார் ரூமில் வயதானவர்களைக் கேளுங்கள், விடிய விடியச் சொல்வார்கள். என். ராம் உள்ளிட்ட பத்திரிகை ஆசிரியர்கள் தொடுத்த வழக்கில் 2020 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி அப்துல் குத்தூஸ் அப்படிப் பல புகார்களை ரத்து செய்தார். சாதாரணக் குடிமகனைப் போல அரசு சட்டென்று கோபப்படக் கூடாது, அரசு வழக்கறிஞர் தன் மூளையைச் செலுத்தித்தான் புகார் கொடுக்க வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் போக்கு.

கிரிமினல் சைடு | திங்கள், இரவு 8.52

சட்டமே செல்லாது என்று சிலர் ஆரம்பிப்பார்கள், அதனால் முன்கூட்டியே: 2016 மே 13, சுப்ரமணியன் சுவாமி வழக்கு. கிரிமினல் அவதூறு அரசியலமைப்புக்கு உட்பட்டதுதான் என்று உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்ட ஆணையமும் 2024-இல் 285-வது அறிக்கையில் வைத்துக்கொள்ளச் சொன்னது. ராகுல் காந்தி வழக்கில் சூரத்தில்...

மட்டுறுத்துநர் | திங்கள், இரவு 8.55

சட்டம் மட்டும் பேசுங்கள் நண்பர்களே. தேர்தல் பேச்சுக்கு வேறு இழை இருக்கிறது.

கிரிமினல் சைடு | திங்கள், இரவு 9.03

சட்டம்தான் சார். அதிகபட்சமான இரண்டு வருடத்தை ஏன் கொடுத்தேன் என்று விசாரணை நீதிமன்றம் காரணம் சொல்லவில்லை என்பதற்காகத்தான் 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பை நிறுத்திவைத்தது. இரண்டு வருடம் என்றால் எம்.பி. பதவி போய்விடும், ஒரு நாள் குறைந்தால் போகாது. தண்டனை பற்றி வாதாடும்போது அது தேவைப்படும். அவ்வளவுதான், நிறுத்திவிட்டேன்.

யாழ் சட்டத்தரணி | திங்கள், இரவு 10.20

இலங்கையிலிருந்து ஒரு சின்னக் குறிப்பு. எங்களிடம் குற்றவியல் அவதூறு 2002-இலேயே தண்டனைச் சட்டக்கோவையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. மிச்சம் இருப்பது சிவில், அதுவும் உரோம-டச்சுச் சட்டத்தின் வழியில். அதில் உண்மை மட்டும் போதாது, பொது நன்மையும் காட்ட வேண்டும். அதாவது நீங்கள் கிரிமினலில் வைத்திருக்கும் நிபந்தனையை நாங்கள் சிவிலில் வைத்திருக்கிறோம். கொழும்பில் கேஸ் உள்ள உறவினருக்கு இந்தியத் தீர்ப்பை அப்படியே அனுப்பிவைக்கும் நண்பர்கள் கவனிக்கவும்.

தாலுகா வக்கீல் | செவ்வாய், காலை 7.05

நல்ல குறிப்பு ஐயா. என் கட்டுக்கு வருகிறேன். நேற்று மாலை கட்சிக்காரரிடம் பெயின்ட் கணக்கின் வவுச்சர்களைக் கேட்டேன். ஃபைல் கொண்டுவந்தார். சுத்தமான மனிதர், எல்லாம் தேதி வாரியாக ஒட்டிவைத்திருக்கிறார். ஆனால் சாரம் கட்டியவருக்கு 1,80,000 ரொக்கமாகக் கொடுத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டு மட்டும்தான். ரசீது இல்லை, கமிட்டித் தீர்மானமும் இல்லை. பணம் எடுத்தவர் இல்லை என்று எனக்கு முழு நம்பிக்கை. ஆனாலும்...

மாடிப்படி ஆபீஸ் | செவ்வாய், காலை 7.30

அந்த ஆனாலும்தான் குறுக்கு விசாரணை. நான் எதிர்ப்பக்கம் இருந்தால் உங்கள் கட்சிக்காரரை அந்தத் துண்டுச் சீட்டில் இரண்டு மணி நேரம் நிறுத்துவேன். அவர் திருடர் என்று நிரூபிக்க எனக்கு அவசியமில்லை. கணக்கு கேட்ட உறுப்பினருக்குச் சந்தேகம் வர நியாயம் இருந்தது என்று காட்டினால் போதும். மாடி விஷயத்தில் அவர் ஊருக்குப் போய் விசாரித்தாரா என்று நீங்கள் திருப்பி அடிக்கலாம், அங்கே நான் திணறுவேன். யார் ஜெயித்தாலும் அந்தச் சீட்டு நீதிமன்றப் பதிவேட்டில் நிரந்தரமாக உட்காரும். சம்பந்தி வீட்டார் அப்போதும் படிப்பார்கள்.

அவதூறு வழக்கில் கூண்டில் முதலில் ஏறுவது நம் கட்சிக்காரர்தான். அவரால் அதைத் தாங்க முடியுமா என்பதைத்தான் பிரிவு, ஷரத்து எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டும். செக் கேஸ் மாதிரி கையெழுத்தைக் காட்டிவிட்டு இறங்கிவர முடியாது.

கிரிமினல் சைடு | செவ்வாய், காலை 7.44

இதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாக் கட்சிக்காரரும் ஏதோ ஒரு சீட்டைத் தொலைத்திருப்பார்கள். அதற்காக வாயை மூடிக்கொண்டு போக வேண்டுமா? "மாடி எழும்பவே இல்ல" என்பது கணக்கு கேட்பது அல்ல, திருடன் என்று சொல்வது. "1,80,000-க்கு ரசீது எங்கே" என்று கேட்டிருந்தால் நானே கேஸ் வேண்டாம் என்பேன்.

காஞ்சி சிவில் | செவ்வாய், காலை 8.20

இரண்டு பேர் சொல்வதும் சரி, அதனால் நடுவில் ஒரு வழி. நோட்டீஸ் அனுப்புங்கள், எதிராளிக்கு மட்டும், நகல் யாருக்கும் வேண்டாம். செய்தியில் உள்ள வார்த்தைகளை அப்படியே மேற்கோளாகப் போடுங்கள், உங்கள் நடையில் மாற்றி எழுதாதீர்கள். அதே குழுவில் திரும்பப் பெறுவதாகவும் வருந்துவதாகவும் எழுத வேண்டும் என்று கேளுங்கள். கணக்கில் சந்தேகம் இருந்தால் பொதுக்குழுவில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்த்தால் எதிராளிக்கும் இறங்கிவர ஏணி கிடைக்கும். நோட்டீஸ் அனுப்பியதால் காலவரையறை ஒரு நாள்கூட நீளாது, அதனால் பிராதைத் தட்டச்சு செய்து தயாராக வைத்துக்கொண்டே அனுப்புங்கள்.

ஸ்டே கேட்காதீர்கள். இடைக்காலத் தடை அவதூறில் லேசில் கிடைக்காது. 1891-இன் போனார்ட் வழக்கிலிருந்து வரும் விதி அது, எதிராளி தான் எழுதியதை நியாயப்படுத்துவேன் என்று நிற்கும்போது விசாரணைக்கு முன் வாயை அடைப்பது அபூர்வம். 2024 மார்ச்சில் புளூம்பெர்க் எதிர் ஜீ வழக்கில் உச்சநீதிமன்றம் அதையே திரும்பச் சொல்லி, கீழ் நீதிமன்றம் கொடுத்த தடையை நீக்கியது. அது பெரிய பத்திரிகை சம்பந்தப்பட்டது, இது வாட்ஸ்அப் குழு, வித்தியாசம் உண்டு. இருந்தாலும் முதல் ஐ.ஏ.விலேயே (இடைக்கால மனுவிலேயே) தோற்றுவிட்டு வழக்கை நடத்துவது நல்லதல்ல.

ஒரு விஷயம் கேட்கக் கஷ்டமாக இருக்கிறது, கேட்டுவிடுகிறேன். கட்சிக்காரருக்கு உடல்நிலை எப்படி? வாதி இறந்தால் மானநஷ்ட வழக்கும் அவரோடு போய்விடும். வாரிசுகள் தொடர முடியாது, கீழே தோற்று அவர் மேல்முறையீடு செய்திருந்தாலும் அதே கதிதான், உச்சநீதிமன்றம் 1986-இல் சங்குண்ணி எழுத்தச்சன் வழக்கில் சொன்னது. வயதானவர்களுக்காக வழக்கு போடும்போது இதைக் குடும்பத்திடம் முன்பே சொல்லிவிடுவது என் வழக்கம்.

தாலுகா வக்கீல் | செவ்வாய், இரவு 9.25

68 வயது, சர்க்கரை தவிர ஒன்றுமில்லை மேடம். பேசிவிட்டேன். நோட்டீஸ் நாளை போகிறது. பிராது 3 லட்சத்துக்குத் தயார் செய்கிறேன், கட்டணம் 9,000. உள்ளே தள்ளுவது பற்றி இப்போது அவர் பேசவில்லை. கிரிமினலுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது என்று சொன்னதில் கோபம் கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

கடைசியாக ஒன்று. அவர் மகன் புது போன் வாங்கிக் கொடுத்திருக்கிறாராம், பழையதைக் கொடுத்துவிடப் போகிறார். ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது, போதுமா?

மாடிப்படி ஆபீஸ் | செவ்வாய், இரவு 9.33

ஐயோ, கொடுக்கவிடாதீர்கள்!

கிரிமினல் சைடு | செவ்வாய், இரவு 9.50

இதில் நானும் மாடிப்படியும் ஒரே கட்சி. ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் என்றால் புதிய சாட்சியச் சட்டமான பி.எஸ்.ஏ.வின் 63(4) சான்றிதழ் வேண்டும், பழைய 65பி. புதிய படிவத்தில் இரண்டு பகுதி: ஒன்று உங்கள் ஆள் கையெழுத்து, இன்னொன்று நிபுணர் கையெழுத்து, ஹாஷ் எண்ணோடு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்). போனையே நீதிமன்றத்தில் கொடுத்து, அதன் சொந்தக்காரரே கூண்டில் ஏறி இது என் போன் என்று சொன்னால் சான்றிதழே வேண்டாம் என்று 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் இருக்கிறது. நான் இரண்டையும் செய்வேன். போனைக் கவரில் போட்டு ஒட்டி உங்கள் ஆபீஸில் வாங்கி வையுங்கள், அதற்கு முன் குழுவின் உரையாடல் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அந்த ஒரு செய்தியை மட்டும் வெட்டி எடுத்தால், அதற்கு மேலே இவர் என்ன எழுதினார் என்று கேட்பார்கள்.

தாலுகா வக்கீல் | செவ்வாய், இரவு 10.02

மேலே பார்த்தேன். செயலாளர் அந்த உறுப்பினரை "பராமரிப்புப் பணம் கட்டாத பிச்சைக்காரன்" என்று எழுதியிருக்கிறார். அதே நாள், இருபது நிமிடத்துக்கு முன்னால்.

மாடிப்படி ஆபீஸ் | செவ்வாய், இரவு 10.04

அந்த உறுப்பினர் என்னைத் தேடி வந்தால் சொல்கிறேன். அவருக்கும் அதே மூன்றரை வாரம்தான்.